'1500 வாட்ஸ்' பவர்டு ஸ்பீக்கர் கச்சேரி நடுவில் தானாக அணைந்துவிடுகிறது. சர்வீஸ்காரர் கோளாறே இல்லை என்கிறார். ஏன்?

சர்வீஸ்காரர் சொல்வது சரி. பெட்டி கெட்டுப்போகவில்லை, சூடு தாங்காமல் தன்னைக் காத்துக்கொள்கிறது. ஆறியதும் தானே மீண்டும் பாடுகிறதல்லவா? நீங்கள் கல்யாண வரவேற்பிலும் கோயில் திருவிழாவிலும் வாசிக்கும் சிறிய குழு என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பவர்டு ஸ்பீக்கர் என்றால் ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கும் பெட்டி. முதலில் அந்த 1500. அது பெரும்பாலும் பீக் கணக்கு, அதாவது கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் எட்டக்கூடிய உச்சம். இடைவிடாமல் கொடுக்கக்கூடிய ஆர்.எம்.எஸ். அளவு அதில் பாதி இருக்கும். சில பெட்டிகளில் கால்வாசிகூட இருக்காது. தொண்ணூறுகளில் சின்ன டேப் ரெக்கார்டரின் நெற்றியில் பி.எம்.பி.ஓ. என்று பெரிய எண்ணாகப் போட்டு விற்றார்களே, அதே வியாபாரம்தான். பெட்டியின் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 230 வோல்ட், 2 ஆம்பியர் ஃபியூஸ் என்று இருந்தால் பெருக்கிப் பாருங்கள்: 460 வாட்ஸ். கண நேர உச்சத்தை உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர்கள் சமாளிக்கும், ஃபியூஸும் சற்றுக் கூடுதலாக விட்டுக்கொடுக்கும் என்று எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். தெரியும். நான் பேசுவது மூன்று மணி நேரக் கச்சேரியைப் பற்றி.

இந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதக் காரணம், சித்திரை மாதத்தில் விருதுநகர்ப் பக்கம் நடந்த ஒரு வரவேற்பு. கீபோர்டு, தபேலா, இரண்டு பாடகர்கள். பெட்டிகள் மண்டபத்தார் ஏற்பாடு. நான்காவது பாட்டின் சரணத்தில் இடதுபக்கப் பெட்டி ஊமையானது. கூட்டம் எங்களைப் பார்த்தது. மைக்செட்காரரோ, "நீங்கள் வால்யூமை ஏற்றிவிட்டீர்கள். இது ஆயிரத்தைந்நூறு வாட்ஸ் பெட்டி, சும்மா நிற்காது" என்றார். எழுந்து போய்ப் பின்னால் பார்த்தேன். அலங்காரக்காரர் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து, முதுகை வெல்வெட் துணியால் சுற்றி, குண்டூசி குத்தியிருந்தார். துணியை விலக்கியதும் முகத்தில் அனல் அடித்தது. சூட்டை வெளியே தள்ளும் அலுமினியத் தகடான ஹீட் சிங்க்கில் விரலை வைக்க முடியவில்லை. அதன் இடுக்குகளில் சாமந்தி இதழ்கள் கருகி ஒட்டியிருந்தன.

துணியைக் கழற்றி, பெட்டியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து, பின்னால் ஒரு டேபிள் ஃபேன் வைக்கச் சொன்னேன். மிக்ஸரில் பாடகர்களின் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் தாழ்ந்த ஒலியை வெட்டினேன். குரலுக்கு அந்த பாஸ் தேவையே இல்லை. பெட்டியின் சக்தியைத் தின்பது அதுதான். அதன் பிறகு இரவு பத்தரை வரை ஒருமுறைகூட அணையவில்லை. ஆனாலும் கடைசியில் எங்கள் சம்பளத்தில் இரண்டாயிரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். துணி சுற்றியவருக்கு முழுத் தொகை போனது. பிழை யாருடையதாக இருந்தாலும் மேடையில் முகம் தெரிகிறவன்தான் தண்டம் கட்ட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் எழுதப்படாத சட்டம். நோட்டீசில் சமையல்காரர் பெயர்கூட வருகிறது, வாத்தியக்காரர் பெயர் வருவதில்லை. அது வேறு கதை.

சூடு ஏன் இவ்வளவு? ஸ்பீக்கருக்குள் போகும் மின்சாரத்தில் சில சதவீதம்தான் ஒலியாகிறது. மீதி எல்லாம் வாய்ஸ் காயிலில், அதாவது ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் தாமிரக் கம்பிச் சுருளில், வெப்பம். தாமிரம் சூடேறினால் மின்தடை கூடும்: 100 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 40 சதவீதம். அதனால் ஒலி தானாகவே தணிகிறது. நாம் குறைகிறதே என்று மேலும் ஏற்றுகிறோம், அது மேலும் சுடுகிறது. டிராக், அதாவது பதிவுசெய்த பின்னணி இசை, போட்டுப் பாடுகிறவர்களுக்கு இன்னும் கஷ்டம். இன்றைய டிராக்குகளில் ஒலியின் உச்சத்துக்கும் சராசரிக்கும் இடைவெளி குறைவு, பெட்டிக்கு மூச்சு விட நேரமே கிடைக்காது.

அதற்காக 3000 வாட்ஸ் பெட்டி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். சக்தியை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல், காதுக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். சக்திக் கணக்கில் ஆர்.எம்.எஸ். என்ன, அதிகபட்ச டெசிபல் எத்தனை என்று கடைக்காரரிடம் கேளுங்கள். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் போய்விடும் என்பதால், கூட்டம் நீண்டு உட்கார்ந்தால் ஒரே பெட்டியை வதைக்காமல் நடுவில் இன்னொரு சிறிய பெட்டி வையுங்கள். ஒலி எல்லை மீறும்போது பெட்டி தானே அடக்குவதைக் காட்டும் லிமிட்டர் விளக்கு அணையாமல் எரிந்தால் உடனே வால்யூமைக் குறையுங்கள். மாலை வெயில் பெட்டியின் முதுகில் விழக்கூடாது.

இத்தனையும் செய்து, லிமிட்டர் விளக்கும் எரியாமல், அப்படியும் அணைந்தால் மட்டும் மறுபடி சர்வீசுக்குக் கொடுங்கள். உள்ளே மின்விசிறி இருந்தால் அது சுற்றுகிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.