ஒரே ஒரு கரடி, அதற்கொரு காவல் படை

கல்லூரி மாணவி: மக்களின் பயத்தையும் அரசின் கண்காணிப்பையும் டிவி நையாண்டி எப்படிச் சாடுகிறது?

பதில்: அமெரிக்கக் கார்ட்டூன் தொடரான ‘தி சிம்ப்சன்ஸ்’ 1996-இல் காட்டிய கரடிக் கதையைப் பாருங்கள். ஊருக்குள் ஒரு கரடி வழிதவறி வந்துவிடுகிறது. ஒன்றே ஒன்றுதான். அரண்டுபோன மக்கள் மேயரிடம் முறையிட, போர் விமானம் வட்டமிடும் அளவுக்குக் கரடித் தடுப்புப் படை கிளம்புகிறது. மறுபடி கரடி வராததால், படை நன்றாக வேலை செய்கிறது என்று தொடரின் நாயகனான அப்பா ஹோமர் பூரிக்கிறார். மகள் லிசா ஒரு கல்லைக் காட்டி, “இது புலியை விரட்டும் கல். இங்கே புலி ஏதாவது தெரிகிறதா?” என்கிறாள். அப்பா அந்தக் கல்லையே விலைக்குக் கேட்கிறார்!

எனக்கு அதைவிடச் சுடுவது அடுத்த திருப்பம். படைக்கு வரி போட்டதும் ஊர் கொதிக்கிறது. மேயர் பழியைக் குடியேறிகள் தலையில் போட்டுவிடுகிறார். ஆவணமற்ற குடியேறிகளுக்குப் பள்ளிக்கூடத்தை மறுக்கும் 187-ஆவது முன்மொழிவை 1994-இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் நிறைவேற்றியிருந்த காலம் அது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லையே? தப்பு செய்யாதவர் ஏன் அஞ்ச வேண்டும்?

பதில்: ஐயா, அந்தப் பழமொழியில் மடியில் இருப்பது பணமுடிப்பு. வழியில் அஞ்சுகிறவர் குற்றவாளி அல்லர், பறிகொடுக்கப் பொருள் உள்ளவர். அப்படி ஒரு முடிப்பு எல்லோரிடமும் இருக்கிறது. அமெரிக்க அரசின் ரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்நோடனை டிவி நையாண்டியாளர் ஜான் ஆலிவர் மாஸ்கோவில் கண்ட பேட்டி 2015 ஏப்ரலில் ஒளிபரப்பானது; அதில் அவர் அதைத்தான் தொட்டார். நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் கேட்டால், பலருக்கு ஸ்நோடன் யாரென்றே தெரியவில்லை. ‘உங்கள் அந்தரங்கப் படத்தை அரசு பார்க்கலாமா?’ என்றதும் அதே தெருவில் கோபம் வந்தது. பிறகு ஒவ்வொரு கண்காணிப்புத் திட்டத்தையும் அந்த ஒரு கேள்வியைக் கொண்டே ஸ்நோடனை விளக்கவைத்தார்.

இன்னொருவர்: அதனால்தான் அமெரிக்காவில் கண்காணிப்புச் சட்டம் மாறியதா?

பதில்: அப்படிச் சொல்ல மாட்டேன். மக்களின் தொலைபேசி விவரங்களை அரசு மொத்தமாகத் திரட்ட சட்டம் இடம் தரவில்லை என்று அந்த மே மாதமே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் 2-இல் அந்த முறைக்கு முடிவுகட்டும் சட்டம் கையெழுத்தானது.

ஒரு தாய்: பத்து வயது மகனுக்கு இவற்றைக் காட்டலாமா?

பதில்: பேட்டி வேண்டாம் அம்மா, அது பெரியவர்களுக்கானது. கரடிக் கதையைக் காட்டுங்கள். லிசா கல்லை எடுக்கும் இடத்தில் நிறுத்தி, அவன் என்ன நினைக்கிறான் என்று கேளுங்கள்.