பெரியது போகிறது, சிறியது நிற்கிறது

அன்புள்ள ஐயா,

நரம்புச் செல்லின் பொட்டாசியக் கால்வாய் (செல்லைப் போர்த்திய சவ்வில், அயனிகள் கடக்கத் துளையுள்ள புரதம்) பொட்டாசியத்தைப் போகவிட்டு சோடியத்தைத் தடுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். சோடியம் அயனிதானே சிறியது? பெரிய ஆள் நுழையும் வாசலில் சின்னப் பையன் மாட்டிக்கொள்வானா?

இன்னொன்று. என் அண்ணன் மகன் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறான். கேட்டால், "ராடரிக் மெக்கினனும் டாக்டர்தான் சித்தப்பா" என்கிறான். வீட்டில் ஒரே கலக்கம். அவனுக்கு என்ன சொல்வது?

செ.கு.

அன்புள்ள செ.கு.,

உங்கள் முதல் கேள்விதான், இந்தக் கால்வாயை ஆராய்ந்து நோபல் வாங்கிய மெக்கினனின் கேள்வியும். சோடியம் அயனியின் ஆரம் 0.95 ஆங்ஸ்ட்ராம் (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்), பொட்டாசியத்தினுடையது 1.33. இருந்தும் பத்தாயிரம் பொட்டாசியத்துக்கு ஒரு சோடியம் நுழைவதே அரிது. இவ்வளவு கறாரான வாசலில் கூட்டம் தேங்க வேண்டுமே? தேங்குவதில்லை, நொடிக்குப் பத்துக் கோடி அயனிகள் வரை கடக்கின்றன.

அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கிறிஸ்டோபர் மில்லரின் ஆய்வகத்தில் வேலை செய்தவர் மெக்கினன். பிறகு டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், பாஸ்டனில் மருத்துவமனைப் பயிற்சி. முப்பது வயதையொட்டி அதே மில்லரிடம் திரும்பினார். தேளின் நஞ்சிலுள்ள ஒரு சிறு புரதம் பொட்டாசியக் கால்வாயின் வாயை அடைத்துக்கொள்ளும். கால்வாய்ப் புரதத்தில் எந்த அமினோ அமிலத்தை (புரதச் சங்கிலியின் ஒரு கண்ணியை) மாற்றினால் நஞ்சின் பிடி தளர்கிறது என்று பார்த்துப் பார்த்து, துளை எங்கே இருக்கிறது என்பதைக் கண்டார். ஹார்வர்டுக்குப் போன பிறகு, சோடியத்தை வடிகட்டும் பகுதியின் அமினோ அமிலங்களையும் அடையாளம் காட்டினார். ஆனால் அவை எப்படி வடிகட்டுகின்றன? அதைச் சொல்ல அணுக்கள் நிற்கும் இடம் தெரிய வேண்டும். அதற்குப் புரதத்தைப் படிகமாக்கி எக்ஸ்ரே செலுத்த வேண்டும். அவருக்கோ அந்த வேலை பழக்கமில்லை. செல் சவ்வில் புதைந்திருக்கும் புரதங்கள் லேசில் படிகமாகவும் மாட்டா.

ஹார்வர்டிலேயே அதைக் கற்கத் தொடங்கியவர், 1996இல், நாற்பது வயதில், அங்கிருந்து நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்குப் போய், இந்த வேலையில் முழுமூச்சாக இறங்கினார். வேதியியல் படித்த மனைவி ஆலிஸும் ஆய்வகத்தில் சேர்ந்துகொண்டார். துணிச்சல் என்பதா, கிறுக்கு என்பதா? மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் கால்வாயை எடுத்துக்கொண்டார்கள். 1998இல் அதன் வடிவம் வெளியானது.

உங்கள் கேள்விக்கான விடை அதில் இருந்தது. தண்ணீரில் அயனி தனியாக இருப்பதில்லை, நீர் மூலக்கூறுகள் அதைப் போர்த்தியிருக்கும். வடிகட்டி குறுகலானது; போர்வையைக் கழற்றினால்தான் நுழையலாம். கழற்ற ஆற்றல் செலவாகும். வடிகட்டியின் சுவரில் ஆக்ஸிஜன் அணுக்கள், நீர் பொட்டாசியத்தைச் சூழும் அதே தூரத்தில் வரிசையாக நிற்கின்றன. ஆகவே பொட்டாசியத்துக்குக் கழற்றுவதில் நட்டமில்லை. சோடியம் சிறியது என்பதால் அந்த ஆக்ஸிஜன்கள் அதற்கு எட்டுவதில்லை. போர்வையை விட்டால் அதற்கு நட்டம்தான். வேகத்துக்குக் காரணம், உள்ளே வரிசையாக நிற்கும் பொட்டாசியம் அயனிகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவது. 2003இல் மெக்கினன், பீட்டர் ஆக்ரியுடன் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்.

அதே ஆண்டு அவர் வெளியிட்ட வேறொரு கால்வாயின் வடிவம் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. அந்தப் படிகத்தில் மின்னழுத்தத்தை உணரும் பகுதி இயல்பான நிலையில் இல்லை என்பது பிறகு தெளிவானது. 2005இல், அந்தப் பகுதி இயல்பான நிலையில் இருக்கும் வேறொரு கால்வாயின் வடிவத்தை அவரே கொண்டுவந்தார். நோபலைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அண்ணன் மகனுக்கு: டாக்டர் என்பதால் மெக்கினன் ஜெயிக்கவில்லை. மருத்துவத்துக்கு முன்பே ஆய்வக வேலை அவருக்குப் பழக்கம், திரும்பிப் போக ஒரு ஆசிரியரும் இருந்தார். உங்கள் பையனுக்கு அந்தப் பழக்கம் உண்டா? இல்லையென்றால் முதலில் சில மாதம் ஏதாவது ஓர் ஆய்வகத்தில் உட்காரட்டும். பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் ஆய்வு மையம்) போன்ற இடங்களில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்களும் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அண்ணியிடம், பட்டம் எங்கும் ஓடிவிடாது என்று சொல்லுங்கள்.