ராபன் தீவில் யாருடைய கதை?

கேள்வி: பழைய சிறைகளையும் மருத்துவ விடுதிகளையும் நினைவிடமாக மாற்றும்போது யாருடைய கதையைச் சொல்வது? தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவில் முன்னாள் கைதிகளே வழிகாட்டிகளாக இருக்கிறார்களாமே, அது சரியான முறைதானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சரியான முறைதான், ஆனால் அது மட்டும் போதாது. 1997இல் அருங்காட்சியகமாகி, 1999இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற அத்தீவில், நெல்சன் மண்டேலா 18 ஆண்டுகள் அடைபட்டிருந்த சிறைக்குள், அங்கே தண்டனை அனுபவித்த ஒருவரே நம்மை அழைத்துச் செல்லும்போது கிடைக்கும் நம்பகத்தை எந்த அறிவிப்புப் பலகையாலும் தர இயலாது. சிறையில் காட்டப்படும் உணவுப் பட்டியலையே பாருங்கள். கலப்பினத்தாருக்கும் ஆசியருக்கும் ரொட்டியும் ஜாமும் உண்டு. கறுப்பினத்தாருக்கு இரண்டும் இல்லை. உடையிலும் அப்படித்தான்: மண்டேலாவின் சக கைதியும் இந்திய வம்சாவளியினருமான அகமது கத்ராடாவுக்கு முழுக்காற்சட்டை, அவரைவிட மூத்தவரான மண்டேலாவுக்கு அரைக்காற்சட்டை. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளின் அறப்போரில் உடன் நின்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடுவும் அங்கே பத்தாண்டுகள் இருந்தார் என்பதால், அந்தப் பட்டியலை நாம் அயலார் கதையாக வாசிக்க முடியாது. நிறவெறி கைதிகளின் தட்டிலும் உடையிலும்கூடப் புகுந்திருந்ததை இத்தகைய சிறு பொருள்களே தெளிவாக உணர்த்துகின்றன.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நிறவெறி ஆட்சிக்கால அரசியல் கைதிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1846 முதல் 1931 வரை, தொழுநோயாளிகள் அத்தீவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் பலர் விரும்பி வந்தவர்கள் அல்லர், சட்டத்தின் பெயரால் கொண்டுவரப்பட்டவர்கள். அவர்களுடைய கல்லறைகளைப் பயணிகள் பெரும்பாலும் பேருந்தில் இருந்தபடியே கடந்துவிடுகிறார்கள். வெற்றியில் முடிந்த விடுதலைப் போராட்டத்தைச் சொல்வது எளிது, கேட்பவருக்கும் மனநிறைவு தரும். குணமாகாமலும் வீடு திரும்பாமலும் மாண்டவர்களின் கதைக்கு அத்தகைய முடிவு இல்லை என்பதாலேயே அது சுருங்கிப் போகிறது என்பது என் கருத்து. இன்று சாட்சி சொல்ல அவர்களில் ஒருவரும் இல்லை. முன்னாள் கைதிகளும் முதுமை அடைந்துவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய குரல்களையாவது மேற்கு கேப் பல்கலைக்கழகத்தின் மயிபுயே ஆவணக்காப்பகம் பதிந்து வைத்திருக்கிறது.

ஆகவே, ஆள் இல்லாத இடத்தில் கட்டடத்தைப் பேச வைக்க வேண்டும். ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1895இல் எழுந்த, தொழுநோயாளிகள் வழிபட்ட நல்மேய்ப்பர் தேவாலயம் இன்னும் நிற்கிறது. அதனுள் அந்நாளில் இருக்கைகள் போடப்படவில்லை. உட்கார இயலாத நோயாளிகள் நின்றும் படுத்தும் வழிபட்டார்கள். பேருந்தை அங்கே கால் மணி நேரம் நிறுத்தி, பயணிகளை இறக்கி, அந்தத் தரையைக் காட்ட வேண்டும்.