சாவி கைக்கு வருமுன் குளத்து நீரை இறைக்காதீர்கள்

கேள்வி: உத்தண்டி பக்கம் நீச்சல் குளத்தோடு ஒரு வீட்டை வங்கி ஏலத்தில் எடுத்து, 25 சதவீதம் கட்டிவிட்டோம். வீடு பூட்டிக் கிடக்கிறது. குளத்துத் தண்ணீர் பச்சையாகிக் கொசு மொய்க்கிறது. பக்கத்து வீட்டார் சத்தம் போடுகிறார்கள். ஏலத்துக்கு உதவிய ஏஜென்ட், தன் ஆட்களை விட்டு இறைத்துச் சுத்தம் செய்ய 80,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து, தண்ணீரை இறைப்பதுதான்.

உங்கள் பகுதி கடற்கரை மணல். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வரும். குளம் நிறைந்திருக்கும்வரை அந்த எடை கீழேயிருந்து வரும் அழுத்தத்தை அமுக்கிப் பிடிக்கிறது. நிலத்தடி நீர் குளத்தின் அடித்தளத்துக்கு ஒரு மீட்டர் மேலே நின்றால், காலிக் குளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஒரு டன் விசை மேலே தள்ளும். எட்டுக்கு நாலு மீட்டர் குளம் என்றால் 32 டன். இப்படி இறைத்த ஒரு குளத்தை நேரில் பார்த்திருக்கிறேன். ஆழமான பக்கம் தூக்கிக்கொண்டு, ஓரத்து டைல்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே என் உள்ளங்கை நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. அதைச் சரிசெய்ய வழியில்லை, உடைத்துத்தான் கட்ட வேண்டும். இறைத்த ஆளோ போனையே எடுக்கவில்லை.

அடுத்தது, வீடு இன்னும் உங்களுடையது அல்ல. விற்பனை உறுதியான 15 நாளுக்குள் மீதி 75 சதவீதத்தைக் கட்டி, விற்பனைச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதுவரை பூட்டைத் திறந்து உள்ளே போக உங்களுக்கோ ஏஜென்டுக்கோ உரிமை இல்லை. "பேங்க்ல பேசிட்டேன்" என்பார். எழுத்தில் கேளுங்கள், காட்டமாட்டார். ஏலம் ஆன்லைனில் எல்லோருக்கும் பொது. அதற்கு இடையில் ஒரு ஆள் எதற்கு என்றே எனக்குப் புரிவதில்லை.

அப்படியானால் யார் பொறுப்பு? கடன் கட்டாதவரின் சொத்தை வங்கி கைப்பற்றி விற்க வழிசெய்வது சர்ஃபேசி சட்டம். அதன் 2002 விதிகளில் எட்டாவது விதி தெளிவாகச் சொல்கிறது: சொத்தைக் கைப்பற்றிய வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி, புத்தியுள்ள ஒரு உரிமையாளர் பார்த்துக்கொள்வதைப்போல அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஏல அறிவிப்பில் சர்வே எண், நான்கு எல்லை எல்லாம் போடுவார்கள். குளம் எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு வரி இராது. கேட்டால் "உள்ளது உள்ளபடி" என்று கையை விரிப்பார்கள். அந்த வாசகம் எட்டாவது விதியை அழித்துவிடாது. போட்டோவோடு அந்த அதிகாரிக்குக் கடிதம் எழுதி, ஒப்புகை வாங்குங்கள். சுகாதார ஆய்வாளரை அழைத்துக் கொசுப்புழுவுக்கு அபேட் தெளிக்கவோ, கம்பூசியா மீன் விடவோ கேளுங்கள். மீன் விட்டபின் குளோரின் போடக் கூடாது, செத்துவிடும்.

ஒன்று கவனியுங்கள். நான் சொன்னது வங்கி நேரடியாகக் கைப்பற்றிய வீட்டுக்குத்தான். அறிவிப்பில் "குறியீட்டு சுவாதீனம்" என்று இருந்தால் வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியதோடு சரி. வீடு இன்னும் கடன் வாங்கியவர் கையில்தான் இருக்கிறது. பூட்டிக் கிடப்பதால் வங்கி வசம் என்று நினைத்துவிடாதீர்கள், பூட்டு அவருடையதாகவே இருக்கலாம். அப்படியானால் பராமரிப்பை வங்கியிடம் கேட்க முடியாது. நீங்கள் உள்ளே போனால் அத்துமீறல் புகார் வரும். மாஜிஸ்திரேட் உத்தரவோடு வீட்டைக் கைப்பற்ற மாதக்கணக்கில் ஆகலாம். அறிவிப்பை எடுத்து இன்றே அந்த வரியைப் பாருங்கள்.

சாவி வாங்கும் அன்று மோட்டாரும் ஃபில்டரும் இருக்கிறதா என்று அதிகாரி முன்னால் பார்த்து எழுதி வாங்குங்கள். பூட்டிய வீட்டில் முதலில் காணாமல் போவது மோட்டார்தான். அப்புறம் சித்திரை, வைகாசியில் கிணற்று நீர் குளத்தின் அடித்தளத்துக்குக் கீழே இறங்கியதை அளந்து பார்த்துவிட்டு இறையுங்கள்.