வயலை விற்றால்தான் கனடா போக முடியுமா?

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் வசிக்கிறேன். வயது 37. தனியார் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாகப் பொறியாளர். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் மாதம் 28,000 ரூபாய். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கனடாவின் நிரந்தரக் குடியிருப்புக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக, திறன்பெற்ற தொழிலாளர் பிரிவில் விண்ணப்பித்திருந்தோம். இந்த ஜனவரி மாதம் மூவருக்கும் சி.ஓ.பி.ஆர். என்னும் நிரந்தரக் குடியிருப்பு உறுதிச் சான்று வந்துவிட்டது. அதில் மே 28 வரை செல்லும் என்று இருக்கிறது. வங்கி வைப்பில் 9 லட்சம், பங்குசார் மியூச்சுவல் ஃபண்டில் 14 லட்சம், பி.பி.எஃப். என்னும் பொது வருங்கால வைப்பு நிதியில் 11 லட்சம், மகள் பெயரில் செல்வமகள் கணக்கு, மனைவிக்கு 45 பவுன் நகை ஆகியவை எங்கள் கையிருப்பு. வீட்டுக் கடனுக்கு மாதம் 21,000 தவணை போகிறது. வீரவநல்லூர்ப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் அப்பா சம்பாதித்து வாங்கிய ஒன்றரை ஏக்கர் வயல் இருக்கிறது. அப்பா உயில் எழுதாமல் இரண்டு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். அம்மா எங்களோடு இருக்கிறார், குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அக்கா ஸ்கார்பரோவில் குடும்பத்தோடு இருக்கிறாள். வயலை விற்று, பி.பி.எஃப்.பை முடித்து, எல்லாப் பணத்தோடும் நகையோடும் ஒரே தடவையில் வந்துவிடும்படி அத்தான் சொல்கிறார். ஐந்து மாதத்துக்குள் இதையெல்லாம் எப்படிச் செய்வது?

பதில்: ஐந்து மாதத்துக்குள் நீங்கள் செய்தே ஆக வேண்டிய காரியங்கள் சில உண்டு. ஆனால் அத்தான் சொன்னவற்றில் பெரும்பாலானவை அந்த வரிசையில் வருவன அல்ல. மே 28 என்பது மூவரும் கனடா மண்ணில் ஒருமுறை இறங்கிப் பதிவு செய்துகொள்வதற்கான கெடுவே தவிர, குடும்பத்தையும் சொத்தையும் வேரோடு பெயர்த்துக்கொண்டு போவதற்கான கெடு அன்று. அந்தத் தேதி பெரும்பாலும் நீங்கள் செய்துகொண்ட மருத்துவப் பரிசோதனையின் ஓராண்டுக் காலத்தை ஒட்டியோ, கடவுச்சீட்டு முடியும் நாளை ஒட்டியோ குறிக்கப்படுவது. அதை நீட்டித்துத் தருவார்கள் என்று நம்பி இருக்க முடியாது. முதன்மை விண்ணப்பதாரரான உங்களுக்கு முன்னால் மனைவியும் மகளும் நுழைய முடியாது. உங்களோடு வரலாம், அல்லது பின்னால் வரலாம். ஆனால் அவர்களும் அதே மே 28-க்குள் நுழைந்தாக வேண்டும். ஆகவே, நான் முதலில் போகிறேன், வேலை கிடைத்ததும் அவர்களை அழைத்துக்கொள்கிறேன் என்ற யோசனை இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள்.

வயலைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாவதாக, அது இன்று உங்கள் வயல் அன்று. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால், அம்மாவுக்கும் அக்காவுக்கும் உங்களுக்கும் அது சரிசமமாக மூன்றில் ஒரு பங்கு சேரும். வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை மூவர் பெயருக்கும் மாற்றாமல் விற்கப் போனால் எந்த நல்ல கிரயதாரரும் நெருங்க மாட்டார். நெருங்குகிறவர் உங்கள் அவசரத்துக்கு விலை பேசுவார். ஊரை விட்டுப் போகிறவன் விற்கிற நிலம் என்று தெரிந்தால் நம் பக்கத்தில் விலை எப்படிப் படியும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிசான அறுவடை முடிந்து குத்தகைக் கணக்கு தீர்கிற வரையிலாவது விற்பனைப் பேச்சையே எடுக்காமல் இருப்பது நல்லது.

இரண்டாவதாக, அத்தானுக்குத் தோன்றாமல் போன விஷயம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் இங்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவோ தானமாகப் பெறவோ அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை. முன்பே உள்ளதை வைத்துக்கொள்ளலாம், வாரிசாக அடையலாம், உள்நாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு விற்கலாம், அவ்வளவுதான். நீங்கள் வேலைக்காக நாட்டை விட்டுப் புறப்படும் நாளிலிருந்தே அந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டில் வசிப்பவர் ஆகிவிடுகிறீர்கள். அதற்குப் பிறகு அம்மா தம் பங்கை உங்களுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதித் தர முடியாது. அக்கா ஏற்கெனவே வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால், அவர் தம் பங்கை உள்நாட்டில் வசிக்கும் ஒருவருக்கே எழுத முடியும். நீங்கள் அப்படி இருப்பது மே மாதம் வரைதான். வயல் யாருக்குச் சேர வேண்டும் என்பது உங்கள் வீட்டு விவகாரம், அதில் நான் தலையிடவில்லை. உங்கள் பெயருக்கே வர வேண்டும் என்று மூவரும் மனமொத்து நினைத்தால், பத்திரப்பதிவு நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். குடும்பத்துக்குள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கும் செட்டில்மென்டுக்கும் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை மதிப்பில் ஒரு சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்தின் உச்சம் 10,000. அக்கா நேரில் வர முடியாவிட்டால், டொரன்டோவிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் அதிகாரப் பத்திரத்தைச் சான்றொப்பம் செய்து அனுப்ப வேண்டியிருக்கும்; அது வந்து சேர்ந்து இங்கே முத்திரையிடப்படவும் காலம் பிடிக்கும். அதனால் இந்த வாரமே அக்காவிடம் பேசிவிடுங்கள், அத்தானிடம் அல்ல.

வயலை விற்றால் வரியே கிடையாது என்று ஊரில் சொல்வது பாதிதான் சரி. கிராமப்புற விவசாய நிலத்துக்குத்தான் மூலதன ஆதாய வரி இல்லை. பத்தாயிரத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட பேரூராட்சி, நகராட்சி எல்லைக்குள்ளோ, அதிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள்ளோ இருந்தால் அது அந்தக் கணக்கில் வராது. பின்னாளில் விற்பதானால் சர்வே எண்ணை வைத்து இதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். விற்ற பணம், வெளிநாட்டில் வசிப்போர் இந்திய வருமானத்தை வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. கணக்கில் சேரும், வரிச் சான்றுகளோடு நிதியாண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலர் வரை அதிலிருந்து வெளியே அனுப்பலாம். ஒன்றரை ஏக்கருக்கு அந்த எல்லை ஒருநாளும் இடிக்கப் போவதில்லை.

வயலைத் தொடாமல் பணம் போதுமா என்று கேட்பீர்கள். உங்கள் பிரிவில் வருபவர்கள் காட்ட வேண்டிய நிதி, 2025 ஜூலையில் அறிவித்தபடி மூவர் குடும்பத்துக்கு 23,360 கனடிய டாலர். டாலருக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 15 லட்சத்துக்குச் சற்று மேல். இறங்கும்போதும் அதிகாரி அதற்கு ஆதாரம் கேட்கலாம். அது கடன் வாங்கிய பணமாக இருக்கக் கூடாது. வீட்டின் மதிப்பும் அதில் சேராது. எனவே நகையை அடகு வைத்துக் கணக்கை நிரப்பும் யோசனை வேண்டாம். வைப்பும் ஃபண்டும் சேர்ந்த 23 லட்சத்தில் 20 லட்சத்தை அங்கே அனுப்பினால் ஏறத்தாழ 30,700 டாலர் ஆகிறது. மீதி மூன்று லட்சம் மனைவியின் கணக்கில் இருக்கட்டும்.

அனுப்பும் முறையில்தான் உங்கள் கெடு உங்களுக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது, ஏனென்றால் இடையில் மார்ச் 31 வருகிறது. ஒருவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால், மேற்பட்ட தொகையில் 20 சதவீதத்தை வங்கி டி.சி.எஸ். என்ற முன்கூட்டிய வரியாகப் பிடித்துக்கொள்ளும். ஒரே தடவையில் 20 லட்சத்தை அனுப்பினால் இரண்டு லட்சம் பிடிபடும். அது வரிக் கணக்கில் வரவாகித் திரும்பக் கிடைக்கக்கூடியதே என்றாலும், புது நாட்டில் கால் ஊன்றும் நேரத்தில் இரண்டு லட்சம் முடங்கிக் கிடப்பது சிறிய தொந்தரவு அன்று. மார்ச் முடிவதற்குள் 10 லட்சம், ஏப்ரலில் 10 லட்சம் என்று பிரித்து அனுப்பினால் ஒரு ரூபாயும் பிடிபடாது. ஃபண்டை விற்பதையும் இதே கோட்டில் பிரித்துக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குசார் ஃபண்டின் ஆதாயத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம், இரு ஆண்டில் விற்றால் அந்த விலக்கு இரண்டு முறை கிடைக்கும். கனடாவில் வசிப்பவர்களின் முதலீட்டை நம் ஃபண்டு நிறுவனங்கள் பலவும் ஏற்கத் தயங்குகின்றன என்பதாலும், உங்கள் சொத்துகளில் முதலில் விற்க வேண்டியது இதுதான்.

புதிதாக வருவோருக்காகக் கனடிய வங்கிகள் சில, இங்கிருந்தபடியே கணக்குத் தொடங்க வழி செய்கின்றன. பணத்தை அப்படித் தொடங்கிய கணக்குக்கு அனுப்பிவிட்டு, அதன் இருப்புச் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டாக 3,000 அமெரிக்க டாலருக்கு மேல் கொண்டுபோக இயலாது. உங்களுக்கு அவ்வளவுகூடத் தேவைப்படாது. இறங்கும்போது கையிலுள்ள ரொக்கமும் வரைவோலையும் சேர்ந்து 10,000 கனடிய டாலரோ அதற்கு மேலோ இருந்தால் சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வரி இல்லை, மறைத்தால்தான் வம்பு.

அடுத்தது நகை. 45 பவுனையும் கழுத்திலும் கைப்பையிலுமாகக் கொண்டுபோக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் அவ்வளவையும் முதல் நுழைவின்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டிய கட்டாயம் உண்டு. கையோடு வரும் பொருள்கள் ஒரு பட்டியல், பின்னால் வரப்போகும் பொருள்கள் இன்னொரு பட்டியல் என்று இரண்டையும் தட்டச்சு செய்து, இரண்டிரண்டு படிகளாக எடுத்துச் சென்று, கனடாவின் சுங்க அதிகாரியிடம் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் உள்ளவை பிற்பாடு எப்போது வந்தாலும் குடியேறுவோரின் உடைமையாகத் தீர்வையில்லாமல் நுழையும். பட்டியலில் விட்டுப்போனவை அப்படி நுழையா. நகைகளை ஒவ்வொன்றாகப் புகைப்படம் எடுத்து, மதிப்பீட்டாளரிடம் எடையும் மதிப்பும் எழுதி வாங்கி இணைத்துவிடுங்கள். "ஆரம், ஒன்று" என்று மொட்டையாக எழுதினால் பயனில்லை. பலரும் கவனிக்காத ஒரு விதியும் உண்டு. ஒரு தனிப் பொருளின் மதிப்பு 10,000 கனடிய டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்குத் தீர்வை உண்டு. இன்றைய தங்க விலையில் பத்துப் பவுன் ஆரம் ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடும். அப்படிப்பட்ட பெரிய உருப்படி இருந்தால் அது இங்கேயே வங்கிப் பெட்டகத்தில், அம்மா பெயரையும் சேர்த்து, இருப்பதே நல்லது. புறப்படுவதற்காகப் புது நகை வாங்கவும் வேண்டாம். வரும் முன்பே சொந்தமாக இருந்து, பயன்படுத்தியதாக இருக்க வேண்டும் என்பது அந்தச் சலுகையின் நிபந்தனை. முதல் ஓராண்டுக்குள் அங்கே விற்றாலும் தீர்வை கட்ட நேரும். கையில் கொண்டுபோகும் நகைகளுக்கு நம் விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிவைத்தால், மனைவி திரும்பி வரும்போது கேள்வி எழாது.

திரும்பி வரும்போது என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மகளுக்கு ஆண்டுத் தேர்வு முடிந்ததும், மே முதல் வாரத்தில் மூவரும் சேர்ந்து போய் இறங்குங்கள். அதன் பின் நீங்கள் அங்கே தங்கி வேலை தேடுங்கள். மனைவியும் மகளும் ஒரு கல்வியாண்டுக்குப் பெருமாள்புரத்துக்கே திரும்பட்டும் என்பது என் யோசனை. மூவரும் டொரன்டோவில் வாடகைக்கு இருந்தால் மாதம் நாலாயிரம் டாலருக்குக் குறையாமல் போகும் என்று நான் கணக்கிடுகிறேன். கொண்டுபோன பணம் ஏழு, எட்டு மாதத்தில் கரைந்துவிடும். நீங்கள் ஒருவர் அக்கா வீட்டிலோ ஓர் அறையிலோ இருந்தால் அதே பணம் அதைப்போல இரண்டு மடங்குக் காலத்துக்கு மேல் தாங்கும். இங்கே மனைவியின் சம்பளமும் அம்மாவின் ஓய்வூதியமும், ஒதுக்கிவைத்த மூன்று லட்சமும் வீட்டுக் கடன் தவணைக்கும் குடும்பச் செலவுக்கும் ஈடுகொடுக்கும். இரண்டு பேருக்குப் போய்வரும் கட்டணம் கூடுதல் செலவுதான். மகள் அங்கே உங்களோடு வசிக்காத வரையில் கனடாவின் குழந்தைகள் உதவித்தொகையும் கிடைக்காது. அப்படியும் கணக்கு இந்தப் பக்கமே சாய்கிறது. ஐந்து ஆண்டில் 730 நாள் அங்கே வசித்தால் நிரந்தரக் குடியிருப்பு நிலைக்கும் என்பதால், ஓராண்டுத் தாமதம் அவர்கள் உரிமைக்குக் குந்தகம் செய்யாது.

மனைவியும் மகளும் இங்கே வசிப்பவர்களாகவே தொடர்வதால் செல்வமகள் கணக்கை இப்போது தொட வேண்டியதில்லை. மகள் அங்கே நிலையாகக் குடியேறும்போது அஞ்சலகத்தில் தெரிவித்து மூடிக்கொள்ளலாம். உங்கள் பி.பி.எஃப். கணக்கு முதிர்வு வரை நடக்கலாம், நீட்டிக்கத்தான் முடியாது. நிறுவனச் சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதிக்கும் (இ.பி.எஃப்.) அவசரம் இல்லை. உங்கள் சேமிப்புக் கணக்கை மட்டும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிடுங்கள். வெளிநாட்டில் ஈட்டிய பணத்தை இங்கே போட்டுவைக்கும் என்.ஆர்.இ. வைப்பின் வட்டிக்கு இங்கே வரி இல்லை என்று யாராவது ஆசை காட்டினால், கனடாவில் வசிப்பவருக்கு அந்த வட்டி அங்கே வரிக்கு உட்பட்டது என்பதை நினைவில் வையுங்கள்; பி.பி.எஃப். வட்டிக்கும் அதுவே. நீங்கள் கனடாவில் வசிப்பவராகும் நாளில் இருக்கும் சந்தை மதிப்பையே அந்நாட்டு வரிச் சட்டம் உங்கள் சொத்துகளின் வாங்கிய விலையாகக் கொள்கிறது. ஆகையால் வீட்டுக்கும் வயலில் உங்கள் பங்குக்கும் அந்தத் தேதியையொட்டி ஒரு மதிப்பீட்டுச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்து விற்கும்போது அந்த ஒரு தாள் லட்சக்கணக்கில் மிச்சப்படுத்தும்.

கடைசியாக முகவரி. நிரந்தரக் குடியிருப்பு அட்டையைக் கனடாவிலுள்ள முகவரிக்கு மட்டுமே அனுப்புவார்கள். இறங்கிய 180 நாளுக்குள் முகவரி கொடுக்காவிட்டால் 50 டாலர் கட்டி மறுபடி விண்ணப்பிக்க நேரும். கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் விசா ஒரே நுழைவுக்கானது. மனைவியும் மகளும் அட்டை கையில் வருமுன் நாடு திரும்பிவிட்டால், மீண்டும் போகும்போது விமானத்தில் ஏறுவதற்கே அந்த அட்டையோ தனிப் பயண ஆவணமோ வேண்டும். அக்கா வீட்டு முகவரியை அஞ்சல் குறியீட்டோடு இப்போதே எழுதி வாங்கிப் பயணக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று அட்டையும் வந்து சேர்ந்தபின் மனைவிக்கும் மகளுக்கும் உரியவற்றை நீங்களே கூரியரில் பெருமாள்புரத்துக்கு அனுப்பிவிடலாம்.