கணினித் தறி: பழசாக வாங்கலாமா?

கேள்வி: 8 சட்டத் தறியில் (நீள இழைகளைத் தூக்கும் சட்டங்கள் எட்டு உள்ளது) சால்வை நெய்கிறேன். கணினி பொருத்திய 16 சட்டத் தறி ஒன்று பழசாக விலைக்கு வந்திருக்கிறது. "இனி வேலை பாதிதான்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: எந்த வேலை பாதியாகும் என்று அவரிடமே கேளுங்கள். பாவு (நீள இழைகள்) ஓட்டுவது, ஒவ்வொரு இழையாகச் சட்டத்திலுள்ள விழுதுக் கண்ணிலும் சீப்பு போன்ற அச்சிலும் கோர்ப்பது எல்லாம் அப்படியே உங்கள் தலையில்தான். கோர்ப்பில் ஓர் இழை இடம் மாறினால் கணினிக்குத் தெரியாது. துணி நெடுகக் கோடு விழும். நாடாவை (குறுக்கு இழையைக் கொண்டுபோகும் கட்டை) எறிவதும் நீங்களே.

அடுத்த ஊடைக்கு (குறுக்கு இழைக்கு) எந்தெந்தச் சட்டம் எழ வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான் கணினியின் வேலை. மிதியை அழுத்தும்போது டாபிப் பெட்டிக்குள் (சட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறி) மின்காந்தங்கள் 'டக் டக்'கென்று இயங்கும். தேர்வான சட்டங்கள் மட்டும் மாட்டிக்கொண்டு மேலே வரும். தூக்கும் பலம் பெரும்பாலும் உங்கள் காலுடையதுதான்.

இவ்வளவுதானா என்று நினைக்க வேண்டாம். 16 சட்டங்களை 65,534 விதமாகத் தூக்கலாம். சாதாரணத் தறியில் மிதிகள் இருபதைத் தாண்டுவதே அபூர்வம். நானூறு ஊடைக்கு ஒருமுறை திரும்பும் டிசைனை மிதி எண்ணி நெய்தவருக்கு இதன் அருமை தெரியும். நடுவில் எழுந்து போனாலும் எந்த ஊடையில் விட்டோம் என்று திரை காட்டும். ஒரே கோர்ப்பில், மிதிகளைச் சட்டங்களோடு கட்டிய கயிறுகளை அவிழ்க்காமல், டிசைனை மாற்றிக்கொண்டே போகலாம். மாதக்கணக்கில் ஒரே கட்டம் போடுபவருக்கு இது தண்டச் செலவு.

போய்ப் பார்க்கும்போது மரத்தைத் தட்டிப் பார்ப்பதோடு திரும்பிவிடாதீர்கள். இவ்வகைத் தறிகள் 1980களிலேயே வந்துவிட்டன. பழையவற்றில் சில சீரியல் போர்ட் என்ற பழைய வகை இணைப்பு வழியாகத்தான் கணினியோடு பேசும். இன்றைய லேப்டாப்பில் பெரும்பாலும் அது கிடையாது. மாற்றி கேபிள் சிலவற்றில் ஓடும், சிலவற்றில் அடம்பிடிக்கும். உங்கள் லேப்டாப்பையே கொண்டுபோய் இணைத்து, 1 முதல் 16 வரை சட்டங்களைத் தனித்தனியாகத் தூக்கிப் பாருங்கள். ஒன்று மக்கர் செய்தாலும், உதிரி எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மென்பொருள் உரிமம் உங்கள் பெயருக்கு மாறுமா என்பதையும் கேளுங்கள். டிசைன்களை அதில் 'விஃப்' கோப்பாக (நெசவு மென்பொருள்களுக்குப் பொதுவான கோப்பு வகை) சேமிக்க முடிந்தால், நாளை வேறு மென்பொருளுக்குப் போனாலும் டிசைன்கள் கைவசம் இருக்கும்.

கேள்வி: இதில் நெய்ததைக் கைத்தறி என்று விற்கலாமா?

பதில்: காலால் தூக்கி, கையால் நாடா எறிகிறீர்கள் என்றால் தயக்கம் எதற்கு? சட்டம் தூக்க மோட்டார் வைத்திருந்தால் அதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். முத்திரை, சான்று எதுவும் ஒட்டுவதாக இருந்தால் அதன் விதிமுறையை முதலில் படித்துவிடுங்கள்.