பௌதிகவியல் பிடிக்கும், வீட்டில் பொறியியல் என்கிறார்கள். எதை எடுக்க?

முல்லைத்தீவில் உயர்தரம் முடித்த தம்பி, ஒன்று கேட்கிறேன். இரணைமடுக் குளத்து வான்கதவு திறக்கும்போது என்ன தோன்றும்? கதவு எவ்வளவு அழுத்தம் தாங்கும், எப்படிக் கட்டினார்கள் என்றால் பொறியியல். தண்ணீர் ஏன் அப்படிச் சுழல்கிறது என்று அங்கேயே நின்றுவிட்டால் பௌதிகவியல்.

பொறியியல் 4 வருடம். யாழ் பல்கலைக்கழகப் பொறியியற்பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கிறது, ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள். முடித்தால் தொழிலுக்கு ஒரு பெயர் இருக்கும். வீட்டாருக்கும் அதுதான் வேண்டும்!

பௌதிகவியலில் பாதை பிரியும்: ஆசிரியம், ஆய்வு, கணினி. ஆய்வென்றால் 3 வருடப் பொதுப் பட்டத்தோடு நிற்காமல் 4 வருடச் சிறப்புப் பட்டம் எடுங்கள். பொறியியலிலிருந்து பௌதிகவியல் மேற்படிப்புக்குத் தாவலாம், மறுபக்கம் தாவுவது கடினம். அதனால் மனம் இன்னும் தளம்பினால், பொறியியலையே முதல் விருப்பமாகப் போடச் சொல்வேன்.